ஓரத்தில் விட்டுப்போன உருவங்கள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் பேச வேண்டும் என்று கேட்டபோது, என்னென்ன சோதனைகள் நடத்தினேன், எத்தனை மாணவர்களை அளந்தேன் என்று சொல்லத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது ஒரே ஓர் அறிக்கையைப் பற்றி. பதினோரு வரிகள். நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலையிலேயே நானே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதைப் பெற்றுக்கொள்ள எனக்கு ஒரு மணி நேரம்தான் கிடைத்தது.

விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் கல்லூரி. காலை பாசஞ்சரில் போய், சாயங்காலம் கிடைத்த பஸ்ஸில் திரும்புவேன். கல்வி உளவியல்தான் என் பாடம். ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள், முதுகலைக்கு வரும் மாணவர்களின் புலன்காட்சி நுண்ணறிவை அளக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிதுதான். கண்ணில் விழுவதை மூளை எவ்வளவு வேகமாகப் பிரித்து, அடுக்கி, இன்னது என்று கண்டுகொள்கிறது என்பதுதான் அது. நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்க்கும் மாணவி எது செல்சுவர், எது காற்றுக்குமிழி என்று பிரிக்கிறாள். ஒரு வரைபடத்தைப் பார்த்ததும் ஒருவன் கோடு வளையும் இடத்தில் விரலை வைக்கிறான். இன்னொருவன் புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிப்பான். படத்தைக் காட்டினால் விழிப்பான். படிப்பில் இந்தத் திறனுக்கு உள்ள இடத்தை நாம் வெகுநாள் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் எங்கள் கல்லூரி, ஆய்வகம் உள்ள துறைகளில் சேரும் எல்லோருக்கும் இந்தச் சோதனையை வைத்து, பின்தங்குபவர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தது. நல்ல நோக்கம். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

நாங்கள் வைத்த சோதனை ஒரு பெரிய தாள். விரித்தால் மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும். மேலே நடுவில் ஒரு சின்ன உருவம் இருக்கும். தாள் முழுக்கச் சிக்கலான கோட்டுச் சித்திரங்கள். அவற்றில் எங்கெல்லாம் அந்தச் சின்ன உருவம் ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் பென்சிலால் குறி போட வேண்டும். நேரம் குறைவாகத்தான் கொடுப்போம். குறிகளை எண்ணி, மேல் மூலையில் உள்ள கட்டத்தில் கூட்டுத்தொகையை எழுதுவோம்.

அந்த வருடம் வேதியியல் முதுகலையில் பவித்ரா என்ற பெண் சேர்ந்திருந்தாள். பெருமுக்கல் பக்கம் ஊர். அப்பா சொந்த நிலத்தில் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் பயிர் வைப்பவர். இளங்கலையில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவள். வந்த கொஞ்ச நாளிலேயே ஆய்வகத்தில் அவளுக்குக் கெட்ட பெயர். கை பட்டுக் குடுவை விழும். முழங்கை பட்டு பீக்கர் உடையும். ஒருநாள் அமில பாட்டிலே சாய்ந்து, பக்கத்தில் நின்ற மாணவியின் பாதத்தில் தெறித்துவிட்டது. நல்லவேளை, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். தோல் மட்டும் கொப்பளித்து ஆறியது. ஆனால் துறைத் தலைவர் ஆடிப்போய்விட்டார்.

மறுநாளே என் அறைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோன மனிதர்.

“அடுத்த தடவை யாரு மூஞ்சிலயாவது பட்டா நான் என்னங்க பதில் சொல்றது? உங்க சோதனைய அந்தப் பொண்ணும் எழுதியிருக்கா. லேப்புக்கு ஏத்த ஆளா இல்லையான்னு எழுத்துல குடுங்க. இல்லைன்னா லேப் இல்லாத வேற படிப்புக்கு மாத்திடலாம். அதுதான் அவளுக்கும் நல்லது.”

வேறு படிப்பு என்றால் அந்த வருடம் போயிற்று. வேதியியலும் போயிற்று. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் சோதனைத் தாள்களின் கட்டை எடுத்து, அவளுடைய தாளின் மேல் மூலையை மட்டும் பார்த்தேன். அந்த வகுப்பிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை. ஆய்வகத்தில் நடந்ததும் சோதனையில் வந்ததும் ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்தின. இரண்டும் இப்படிப் பொருந்தும்போது ஒரு திருப்தி வரும் பாருங்கள், நம்ம கருவி சரியாக வேலை செய்கிறது என்று. அந்தத் திருப்தியில்தான் எழுதினேன். ‘இம்மாணவியின் புலன்காட்சி நுண்ணறிவு குறைவாக உள்ளது. கருவிகளைக் கையாளும் ஆய்வகப் பணிக்கு உகந்தவர் அல்லர்.’ கடைசி வரியை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று பிற்பகல் பவித்ரா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முடிவைத் துறைத் தலைவருக்குப் போனில் சொல்லியிருந்தேன்; துறையில் யாரோ அதை அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பா வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எம்பொண்ணுக்கு மூளை கம்மின்னு எழுதிட்டீங்களாமேங்க?”

“அப்படி எழுதலைங்க. பார்த்துப் புரிஞ்சிக்கிற வேகம் கொஞ்சம் கம்மின்னுதான் எழுதியிருக்கேன்.”

“எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானேங்க.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். “பன்னெண்டாவது வரைக்கும் அதுதான் ஸ்கூல்ல பஸ்ட்டு. காலேஜிலயும் அப்படித்தான். இப்ப திடீர்னு எப்படிங்க கொறையும்?”

இதைவிட நல்ல கேள்வியை எங்கள் துறையில் யாரும் கேட்கவில்லை. அதற்கு நான், மனப்பாடத் திறன் வேறு, இது வேறு என்று பொதுவாக ஏதோ விளக்கினேன்.

 பவித்ரா குறுக்கிட்டாள்: “மேடம், என் கண்ணுக்குத் தெரிஞ்ச எல்லாத்துலயும் குறி போட்டேன் மேடம். ஒண்ணுகூட விடல.”

“எல்லாருக்கும் அப்படித்தாம்மா தோணும்.”

இந்த வாக்கியத்தை என்னால் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். போகும்போது கதவோரம் நின்ற இரும்பு பீரோவில் தோளை நன்றாக இடித்துக்கொண்டாள். பாவம், மனசு சரியில்லை போல என்று நினைத்தேன். அறிக்கையை உறையில் போட்டுத் துறைக்கு அனுப்பிவிட்டு பஸ் பிடிக்கப் போனேன். மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கல்லூரி முதல்வர் அறையில் கூட்டம். அதில் முடிவெடுத்துவிடுவார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு நான் பையை வைத்துவிட்டு உட்காரும்போதே ஏழுமலை வாசலில் நின்றார். வேதியியல் ஆய்வக உதவியாளர். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரர்; அவர் வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் மீன்பிடிக்கிறவர்கள். அதிகம் பேச மாட்டார்.

“ஒரு விசயம் மேடம். ராத்திரியெல்லாம் ஒரே பேஜாரா போச்சு. சொல்லலாங்களா?”

“சொல்லுங்க ஏழுமலை.”

“அந்தப் பொண்ணு சாமானு உடைக்குதான்னு கேட்டு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. உடைக்குதுன்னு எழுதிக் குடுத்தேன். பொய் இல்லீங்க. ஆனா எது உடையுதுன்னு யாரும் கேக்கல.”

“எதுன்னா?”

“எதிர்ல வெச்ச ஒண்ணையும் அது உடைச்சதே கெடையாது மேடம். பியூரெட்ட புடிச்சிக்கினு ஒரு சொட்டு தப்பாம வுடும். அந்த கிளாஸ்லயே அந்த மாதிரி கை யாருக்கும் கெடையாது. பக்கத்துல, கையாண்ட வெச்சாதான் வுழும். இந்தப் பக்கமானாலும் சரி, அந்தப் பக்கமானாலும் சரி.” இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். “நான் போய்ப் பக்கத்துல நின்னுக்கினு இருப்பேன், திரும்பியே பாக்காது. கூப்பிட்டா திடுக்குனு தூக்கிவாரிப் போடும். மொதல்ல திமிருன்னு நெனச்சேன். அப்பறம் அப்படித் தோணல. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

 பவித்ராவின் தாளை எடுத்து மேசைமேல் முழுதாக விரித்தேன். முதல் முறையாக, மூலையில் இருந்த எண்ணைப் பார்க்காமல் தாளைப் பார்த்தேன்.

நடுவில் இருந்த சித்திரங்களில் ஒளிந்திருந்த உருவம் ஒன்றுகூட விடுபடவில்லை. மிகக் கஷ்டமானவைகூட. தப்பான குறி ஒன்றும் இல்லை. பென்சில் கோடு கத்தியால் கீறியதுபோல் சுத்தமாக இருந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒன்றும் இல்லை. வலது ஓரத்திலும் ஒன்றும் இல்லை. மிக எளிதான, பள்ளிப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும் உருவங்கள் அங்கே இருந்தன. பென்சில் அந்தப் பக்கம் போகவே இல்லை.

கட்டிலிருந்து இன்னும் நாலைந்து தாள்களை எடுத்து விரித்தேன். குறைவாக வாங்கியவர்களின் தாள்கள். அவற்றில் விடுபட்டவை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. நேரம் போதாதவர்களின் தாளில் கீழ்ப்பகுதி காலி. அவர்கள் ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி எங்கோ நின்றிருப்பார்கள். இரண்டு ஓரத்தையும் சமமாக விட்டுவிட்டு நடுவை மட்டும் முடித்தவர் வேறு யாரும் இல்லை. விதிமுறை புரியாமல் இப்படிச் செய்திருப்பாளா என்று யோசித்தேன். ஓரம் வேண்டாம் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. அவளே சொல்லியும்விட்டாள், தெரிந்த எல்லாவற்றிலும் குறி போட்டேன் என்று. என்னிடம் வந்து நேராகச் சொன்ன உண்மை அது. நான்தான் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

“ஏழுமலை, அந்தப் பொண்ணு எங்க?”

“டிபார்ட்மெண்டு வாசல்ல அப்பாவோட ஒக்காந்துக்கினு இருக்கு.”

“ஜல்தியா கூட்டிட்டு வாங்க.”

அவள் வந்ததும் எதிரில் உட்காரவைத்தேன். முழங்காலோடு முழங்கால் முட்டுகிற தூரம். “என் மூக்கையே பாரும்மா. கண்ணத் திருப்பக் கூடாது. என் விரல் ஆடுறது தெரிஞ்ச உடனே சொல்லு.” இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நன்றாக விரித்து, விரல்களை ஆட்டிக்கொண்டே மெதுவாக உள்ளே கொண்டுவந்தேன். தோளுக்கு நேராக வந்தது. சொல்லவில்லை. காதுக்கு நேராக வந்தது. சொல்லவில்லை. கிட்டத்தட்ட அவள் கன்னத்துக்கு எதிரே வந்தபோதுதான், “இப்ப தெரியுது மேடம்” என்றாள்.

அதே இடத்தில் ஏழுமலையை உட்காரவைத்து அதையே செய்தேன். நான் கையை விரித்து விரலை ஆட்டியதுமே, “தெரியுதுங்க, ரெண்டு பக்கமும்” என்றார். பிறகு அவரே அவளைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார்.

“தலைவலி இருக்காம்மா?”

“நாலஞ்சு மாசமா இருக்கு மேடம். கண்ணாடிக் கடையில காட்டினோம். போர்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சேன். கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க.”

நாங்கள் இருவர் மட்டும் இருந்ததால் இன்னொன்றும் கேட்டேன். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அஞ்சு மாசமா வரல மேடம். அம்மாகிட்டகூடச் சொல்லல. படிப்பு டென்ஷன்னு நெனச்சிக்கினேன்.”

எப்போதோ படித்த ஒரு பக்கம் மங்கலாக நினைவுக்கு வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்கிற தகுதி எனக்கு இல்லை. இதை நீங்கள் கட்டாயம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: நம் தாள் ஏதோ சரியில்லை என்று காட்டும். என்ன சரியில்லை என்பதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். “உனக்கு மூளை கம்மி இல்லம்மா. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியுது. உன்ன இன்னிக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும்” என்றேன். அவள் அழவில்லை. “அப்ப நான் சொன்னது நெசம்தானே மேடம்?” என்று மட்டும் கேட்டாள்.

மணி பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

முதல்வர் அறைக்குப் போகும் அந்த வராந்தாவில் நடக்கும்போது எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அறிக்கையைத் திரும்பப் பெறாமலேயே காரியத்தை முடிக்க ஒரு வழி இருந்தது. ‘மருத்துவப் பரிசோதனையும் தேவை’ என்று ஒரு வரியைச் சேர்த்தால் போதும். என் மானமும் தப்பும், அவளையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அறிக்கை கோப்பில் அப்படியே இருக்கும். அதை வைத்து அவளை மாற்றிவிடுவார்கள். நாளைக்குக் கண் சரியானாலும் அந்தக் காகிதம் சரியாகாது.

உள்ளே முதல்வரும் துறைத் தலைவரும் இருந்தார்கள். என் அறிக்கை மேசைமேல் இருந்தது. உட்காருவதற்கு முன்பே சொன்னேன்: “சார், நான் எழுதினது தப்பு. அத திரும்ப வாங்கிக்கிறேன்.”

துறைத் தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நேத்து சாயந்திரம் கையெழுத்து போட்டுக் குடுத்தீங்க. இன்னிக்குக் காலையில இல்லைன்றீங்க. அப்ப மத்த பசங்களோட ரிப்போர்ட்ட நாங்க எப்படி நம்புறது?”

நியாயமான கேள்வி. அதற்கு நான் தயாராகப் போகவில்லை. வாயில் வந்ததைத்தான் சொன்னேன். “நம்பாதீங்க சார். நான் எல்லாத் தாளையும் மறுபடி பாத்து முடிக்கிற வரைக்கும் ஒண்ணையும் நம்பாதீங்க.”

 நான் அவள் தாளை விரித்து, இரண்டு ஓரங்களையும் காட்டினேன். ஏழுமலை சொன்னதைச் சொன்னேன். துறைத் தலைவர் தாளை ஒருமுறை பார்த்தார், திருப்பிவைத்து மறுபடியும் பார்த்தார். “அந்த ஆசிட் பாட்டில் அவளுக்கு வலது பக்கம்தான் இருந்துது” என்றார் மெதுவாக.

“இப்ப என்ன பண்ணணும்?” என்றார் முதல்வர்.

“டாக்டர் பாக்கணும் சார். இன்னிக்கே.”

துறைத் தலைவர் எழுந்து கார் சாவியை எடுத்தார். “பாண்டிக்கு ஒரு மணி நேரத்துல போயிடலாம். வாங்க.”

அவரே ஓட்டினார். முன்னால் பவித்ராவின் அப்பா, பின்னால் நானும் அவளும்.  ஊர் தாண்டியதும் துறைத் தலைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி, “அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்ன ரொம்பத் திட்டிட்டேம்மா” என்றார். அவள், “பரவால்ல சார்” என்றாள். அவள் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருத்துவமனையில் ஒரு கருவிக்குள் அவள் முகத்தை வைத்து, சின்னச் சின்ன வெளிச்சங்களைக் காட்டி, பார்வையின் பரப்பை அளந்தார்கள். வந்த படத்தில் இரண்டு பக்கமும் கறுப்பு. நடுவில் மட்டும் வெள்ளை. நான் காலையில் விரித்துப் பார்த்த தாளுக்கும் அந்தப் படத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அன்றே ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் தலைக்கு ஸ்கேன்.

முடிவு வந்த அன்று நானும் போயிருந்தேன். மருத்துவர் ஓர் இளம் பெண். பொறுமையாக விளக்கினார். மூளையின் அடியில், கண் நரம்புகள் இரண்டும் சேரும் இடத்துக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் ஒரு கட்டி வளர்ந்து நரம்பை மேலே தள்ளுகிறது. அதனால்தான் இரண்டு பக்கவாட்டுப் பார்வையும் போயிருக்கிறது. மாதவிலக்கு நின்றதும் அதனால்தான்.

“அவளுக்கே தெரியாம எப்படிங்க?” என்று அப்பா கேட்டார்.

“கறுப்பா மறைக்காதுங்க. அந்த எடத்துல ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். நிதானமா இருந்தா தலையத் திருப்பித் தேடிக்குவாங்க. அவசரத்துல விட்டுடுவாங்க. எழுத்துப் பலகைய நேரா பாத்துப் படிக்கிறதால அங்கயும் தெரியாது.”

“கேன்சருங்களா?”

“இல்லைங்க.”

“அப்ப ஆபரேசனுங்களா? தலைய தெறக்கணுங்களா?”

“இப்ப வேணாம். இது மாத்திரைக்கே நல்லா சுருங்குற வகை. வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்திரை சாப்பிடணும். அடிக்கடி வந்து காட்டணும். சரியான நேரத்துல வந்திருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பார்வை திரும்பும்னு என்னால சொல்ல முடியாது.”

வெளியே வந்ததும் பவித்ராவின் அப்பா வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்து, “மேடம், மாத்திரைன்னுதானே சொன்னாங்க? என் காதுல சரியாத்தானே வுழுந்துது?” என்றார்.

“மாத்திரைதாங்க.”

“வாரத்துக்கு ரெண்டு?”

“ரெண்டு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. பவித்ரா, “அப்பா, எல்லாரும் பாக்குறாங்க” என்றாள். “பாக்கட்டும், இன்னா இப்போ” என்றார். நானும் சிரித்துவிட்டேன். 

அங்கேயே அவரிடம் ஒன்றைச் சொன்னேன். அவர் என்னிடம் நன்றி சொல்ல ஆரம்பித்திருந்தார். அந்தப் பரீட்சையை நான் வைக்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது என்றார். “அப்படி இல்லைங்க. பரீட்சை காட்டிச்சு. நான் பாக்கல. உங்க பொண்ணு வந்து சொல்லிச்சு, அதையும் நான் கேக்கல. ஏழுமலை வந்து சொல்லலைன்னா அந்தக் காகிதம் அப்படியே போயிருக்கும்” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எழுதினத மாத்தினீங்க இல்ல. எங்கூர்ல தாலுக்கா ஆபீசுல அதுக்கு மூணு வருசம் நடக்கணும்” என்றார்.

அடுத்த வாரம் முழுவதும் அந்த வருடத்துத் தாள் கட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். பயத்தோடுதான் உட்கார்ந்தேன். இன்னும் எத்தனை பேரைத் தப்பாக எழுதினேனோ என்று. பெரும்பாலான அறிக்கைகள் சரியாகவே இருந்தன. ஒன்று மட்டும் மாறியது. திருவாமாத்தூரிலிருந்து வரும் ஒரு மாணவன், விடைகளை வேறு தாளில் நிரப்பும் இன்னொரு சோதனையில், ஒரு வரிசை தள்ளி எழுதிவிட்டான். அதற்குப் பிறகு வந்த விடைகள் எல்லாம் ஒரு கட்டம் கீழே. வரிசையைச் சரிசெய்து பார்த்தால் நன்றாகவே செய்திருக்கிறான். அவனைக் கூப்பிட்டு, திருத்திய அறிக்கையைக் கொடுத்தேன். அவன் முதல் அறிக்கையைப் படித்தே பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது. எனக்கு அதிலும் ஒரு நிம்மதி.

துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுத்தேன், இனி நம்பலாம் என்று. அவரும் சும்மா இருக்கவில்லை. பவித்ராவின் மேசையை ஆய்வகத்தின் மூலைக்கு மாற்றினார். பாட்டில்களை எல்லாம் அவளுக்கு எதிரே ஒரே வரிசையில் வைக்க ஏற்பாடு செய்தார். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அமிலத்தை அவள் தொடக் கூடாது, ஏழுமலை எடுத்துக் கொடுப்பார். இவ்வளவுதான். இதை முதல் நாளே செய்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் அவள் எப்படிப்பட்டவள் என்பதையே பேசிக்கொண்டிருந்தோம்.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம் போன் வந்தது.

“மேடம், பஸ்ஸுல வந்துக்கினு இருக்கேன். டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. நேராதான் பாத்துக்கினு இருக்கேன் மேடம், கண்ணத் திருப்பவே இல்ல. ஆனா பக்கத்துல பனைமரம் போறது தெரியுது!”

“எந்தப் பக்கம்மா?”

“ரெண்டு பக்கமும் மேடம்!” பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள், அப்படிக் கத்தினாள்.

அவளுக்கு மறுசோதனை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மருத்துவர் சரி என்று எழுதிக் கொடுத்தபிறகு துறையில் அந்தப் பேச்சே எழவில்லை. அவளே வந்து கேட்டாள். “இன்னொரு தடவை வையுங்க மேடம். எனக்காக.” அதே சோதனையின் வேறு தாள் ஒன்று இருந்தது. எப்போதும் வைக்கும் அதே அறையில், அதே நேரக் கணக்கில் வைத்தேன். நான் எதிரே உட்கார்ந்து வேறு ஏதோ படிப்பதுபோல் இருந்தேன். என்ன படித்தேன் என்று கேட்காதீர்கள்.

நேரம் முடிந்ததும் தாளைக் கொடுத்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள். நான் தாளை விரித்தேன். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பென்சில் குறிகள். வலது ஓரத்திலும். நடுவில் ஒன்றிரண்டு விட்டிருந்தாள். தாள் முழுக்க ஓடினால் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். வலது கீழ்க்கோடியில் ஒரு சித்திரம் இருக்கும், அதுவரை பெரும்பாலானவர்கள் போகவே மாட்டார்கள். அதற்குள் ஒளிந்திருந்த உருவத்தின்மேல் அவசர அவசரமாகப் போட்ட ஒரு கோடு, பாதியிலேயே நின்றிருந்தது. நேரம் முடிந்தது என்று நான் சொன்னபோது அவள் பென்சில் அங்கேதான் இருந்திருக்கிறது.

அந்தப் பாதிக் கோட்டை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் மூலையில் கூட்டுத்தொகை எழுதும் கட்டம் காலியாகவே இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தாளை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். என் வேலைக்காலத்தில் ஒரு தாளைக் கூட்டிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனது அன்று ஒருநாள்தான். விழுப்புரம் வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.